பனை உச்சியில ஒரு ஸ்பீக்கர்: குமரி மாவட்டத்துல ஒரு பனவிளையில நாங்க நடத்துன ஒலி ஒளி நிகழ்வு, முழு விவரம்

எங்க பாட்டா பனையேறி. நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ அவரு பனை ஏறுறத கண்ணால பாத்தது ரொம்ப கொறவு, காதால கேட்டது தான் அதிகம், ஏன்னா விடியுறதுக்கு முன்னாடியே போயிடுவாரு, வீட்டுக்குள்ள பாயில கெடந்துகிட்டு காது குடுத்தா இருட்டுக்குள்ள எங்கயோ மேலருந்து அருவாப்பெட்டி மட்டையில முட்டுற சத்தம், அப்புறம் பாளை சீவுற சத்தம் சர்ரு சர்ருன்னு, கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது, திரும்பவும் ஒரு சர்ரு. அந்த சத்தத்த வச்சே பாட்டா இப்ப எந்தப் பனையில நிக்காருன்னு பாட்டி கரெக்டா சொல்லிடுவா, அத வச்சு தான் விடிலியில, அதாவது பதநீர் காய்ச்சுற ஓலைக் குடிசையில, அடுப்பு பத்த வைப்பா.

இத ஏன் மொதல்லயே சொல்லுறேன்னா, நாங்க செஞ்ச நிகழ்வுல சரியா வந்தது எல்லாம் இந்த ஒரு ஞாபகத்த நம்பி செஞ்சது, சொதப்புனது எல்லாம் இத மறந்துட்டு பெரிய ஊர் ஷோ மாதிரி செய்யப் பாத்தது.

விஷயம் இது தான். நான் நாகர்கோவில்ல சவுண்ட் வேலை பாக்கேன், குறும்படம், கல்யாண வீடியோ, எப்பவாவது ஆவணப்படம். ராஜாக்கமங்கலத்துக்கு உள்ளுக்க ஒரு ஊர்ல நூலக வாசகர் வட்டம் ஒண்ணு இருக்கு, அவங்க பனையேறிகளோட வரலாற்ற ஊருக்கு சொல்லணும்னு ஒரு வருசம் போட்டோ கண்காட்சி வச்சாங்க, பிள்ளைங்க பத்து நிமிசத்துல சுத்திப் பாத்துட்டு ஐஸ் வாங்கப் போயிட்டாங்க. அடுத்த வருசம் என்னைக் கூப்பிட்டு இந்த புரொஜெக்டர் வச்சு செவுத்துல எல்லாம் படம் போடுறாங்களே, சுத்தி சுத்தி சத்தம் வருதே, அது மாதிரி பண்ண முடியுமான்னு கேட்டாங்க. முடியும்னு சொல்லிட்டேன். ஆறு பேரு, மூணு மாச வேலை, பங்குனி கடைசியில மூணு ராத்திரி ஷோ, ஒரு ராத்திரிக்கு அறுபது பேருக்கு பாய் விரிச்சு 24 நிமிச நிகழ்வு.

இந்த வகை ஷோவுக்கு ஒரு பரம்பரை இருக்கு, அத தெரிஞ்சிக்கிட்டா நல்லது. 1952-ல பிரான்ஸ்ல ஷம்போர்ங்கிற கோட்டையில ராத்திரி லைட்டும் பதிவு பண்ண குரலும் வச்சு கோட்டையோட கதைய சொன்னாங்க, அதுல இருந்து தான் ஒலி ஒளிக் காட்சிங்கிறது உலகம் பூரா பரவுச்சு. டெல்லி செங்கோட்டையில 1965-ல வந்தாச்சு, நம்ம பக்கம் மதுரை திருமலை நாயக்கர் மஹால்ல பாத்திருப்பீங்க. எல்லாத்துக்கும் ஒரே அமைப்பு, பெரிய கட்டடம், நம்ம எதுத்தாப்புல உக்காந்திருப்போம், கம்பீரமான ஒரு குரல் ராஜா கதைய சொல்லும். இப்போ லைட்டுக்கு பதிலா புரொஜெக்டர் வந்து கட்டடத்து மேலயே படம் பொருந்துற மாதிரி மேப்பிங் பண்ணுறாங்க, அவ்வளவு தான் வித்தியாசம், உக்காருற முறையும் கத சொல்லுற முறையும் மாறல.

ராஜா கதைன்னா நம்ம மாவட்டத்துல இடத்துக்கு பஞ்சமே இல்ல. பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு, வட்டக்கோட்டை இருக்கு, 1741-ல டச்சுக்காரங்கள தோக்கடிச்ச குளச்சல் இருக்கு, அந்தப் போர்ல பிடிபட்டு அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டிலனாய் புதைஞ்சு கெடக்க உதயகிரிக் கோட்டை இருக்கு. பனையேறிக்கு என்ன கட்டடம் இருக்கு? ஓலையில கட்டுன விடிலி, அதுவும் சீசன் முடிஞ்சா காத்துல போயிரும். அவன் வாழ்ந்தது மரத்துலயும் மரத்துக்கு கீழயும். அதனால பனவிளையிலயே, பனந்தோப்புக்குள்ளயே, நடத்துறதுன்னு முடிவு பண்ணோம், அந்த முடிவு தான் பாதி வெற்றி, பாதி தலைவலி.

மரத்துல படம் போட்டா என்ன ஆச்சு

மொத டெஸ்ட்ல நான் ரொம்ப ஆசையா பனந்தடி மேல நேரா படம் போட்டேன். வாடகைக்கு எடுத்த 5000 லூமென் புரொஜெக்டர். ஒண்ணுமே தெரியல. பனந்தடி கருப்பு, சொரசொரன்னு வரி வரியா இருக்கும், வர வெளிச்சத்த குடிச்சிடுது, ஒரு மனுச முகத்த போட்டா சாம்பல் படிஞ்ச மாதிரி ஒரு கறை தான் தெரிஞ்சுது. அப்புறம் பழுத்த ஓலையில பின்னுன தட்டிய சாய்ச்சு வச்சு அதுல போட்டோம், அது பரவாயில்ல, வைக்கோல் நெறத்துல வெளிச்சம் நல்லா திரும்புச்சு, ஆனா முடைஞ்ச கோடு குறுக்க குறுக்க ஓடுறதால எழுத்து எதுவும் படிக்க முடியல. கடைசியில ரெண்டு பனைக்கு நடுவுல 5 மீட்டருக்கு 3 மீட்டர் வெள்ளைத் துணி கட்டுனோம், கணக்குப்படி 15 சதுர மீட்டருக்கு 5000 லூமென் வெளிச்சம், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 333 லூமென், இத தான் லக்ஸ்னு சொல்லுவாங்க, நல்ல வெளிச்சம்.

துணி கட்டுனதும் வேற பிரச்சனை. முன்னாடி இருந்து புரொஜெக்ட் பண்ணா யாராவது எந்திரிச்சா நிழல் விழுது, பின்னாடி இருந்து பண்ணா மெல்லிசு துணிய தாண்டி லென்ஸோட வெளிச்சப் பொட்டு நேரா கண்ணுல குத்துது. இதுக்கு விடை சொன்னது தோல்பாவைக் கூத்து நடத்துற ஒரு அண்ணன். நம்ம மாவட்டத்துல மண்டிகர் குடும்பங்க தலைமுறை தலைமுறையா அந்தக் கூத்த நடத்துறாங்க, வீட்டுக்குள்ள மராத்தி பேசுவாங்க, திரைக்கு முன்னாடி தமிழ்ல ராமாயணம். திரைக்குப் பின்னாடி வெளக்கு, நடுவுல தோல் பாவை, இந்தப் பக்கம் சனங்க, அவங்க இந்த வேலைய புரொஜெக்டர் வரதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி இருந்தே பண்ணுறாங்க. அந்த அண்ணன் நாங்க கட்டுன துணிய கையால தடவிப் பாத்துட்டு, "வெளக்கு ஆளுக்க கண்ணுக்கு நேர வரப்புடாது தம்பி, ஒண்ணுல்லன்னா மேல ஏத்து, இல்லன்னா தரையோட தாழ்த்து, துணிய ரெண்டு மடிப்பா போடு"ன்னாரு. புரொஜெக்டர தரையில குழி மாதிரி தோண்டி வச்சு மேல் பாத்து சாய்ச்சோம், படம் கோணலாகும், அத சாஃப்ட்வேர்ல மூலைய இழுத்து சரி பண்ணிக்கலாம். பொட்டு போயே போச்சு.

இன்னொண்ணு யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம். புரொஜெக்டருக்கு முழு கருப்புன்னு ஒண்ணு கெடையாது. கருப்பு ஃப்ரேம் போட்டாலும் சாம்பல் கலர்ல ஒரு செவ்வகம் துணியில நிக்கும், டவுன்ல தெரு லைட்டுக்கு நடுவுல அது தெரியாது, பனவிளையோட இருட்டுல அது டிவி பொட்டி மாதிரி பளிச்சுன்னு தெரியும், இருட்டு அங்கயே செத்துப் போயிடும். நாங்க பண்ண தீர்வு லென்ஸுக்கு முன்னாடி ஒரு கருப்பு அட்டை, அதுல ஒரு நூல், பக்கத்துல ஒரு பத்தாங்கிளாஸ் பையன். படம் வேண்டாத நேரத்துல நூல விடுவான், அட்டை விழுந்துரும். மூணு நாளும் அவன் ஒரு தடவ கூட தப்பு பண்ணல.

அமாவாசைய ஒட்டி தான் தேதி வச்சோம், ஆனா நிலா பத்தி நாங்க பயந்தது தேவையில்லாத பயம், பௌர்ணமி நிலாவே 0.3 லக்ஸ் தாண்டாது, படத்த அழிக்காது. அழிச்சது பக்கத்து வீட்டு டியூப் லைட்டும் ரோட்டு முக்குல இருந்த லைட்டும். வீட்டுக்காரங்க கிட்ட போய் சொன்னோம், மூணு நாளும் அணைச்சிட்டு அவங்களும் வந்து பாயில உக்காந்தாங்க.

உண்மைய சொன்னா படம் ரொம்ப பிரகாசமா இருந்தது தான் கடைசி பிரச்சனை. கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிசம் ஆகும், அது பழகி பனையோட உருவம் வானத்துல கருப்பா தெரிய ஆரம்பிக்கும்போது நீங்க ஒரு வெள்ளை ஃப்ரேம் போட்டீங்கன்னா அவ்வளவு தான், மரமும் போச்சு வானமும் போச்சு, துணி மட்டும் தான் இருக்கும். அதனால ஆளுங்கள இருட்டுல கால் மணி நேரம் சும்மா உக்கார வச்சோம், மொத ஆறு நிமிசம் படமே கெடையாது, சத்தம் மட்டும் தான். அப்புறம் வந்த படமும் கருப்பு பின்னணியில வெளிச்சக் கோடா வரைஞ்சது தான், முழு போட்டோ ரெண்டே ரெண்டு. 24 நிமிசத்துல துணியில ஏதாவது தெரிஞ்சது மொத்தமா ஒம்பது நிமிசம்.

சத்தம்

இங்க தான் நான் நிதானமா சொல்லணும், நிகழ்வோட உயிரு இதுல தான் இருந்துச்சு.

ரெக்கார்டிங்குக்கு இன்னமும் பனை ஏறுற ஒரு மாமா ஒத்துக்கிட்டாரு. மொத நாள் நான் கீழ நின்னு நீளமான மைக்க மேல காட்டி எடுத்தேன், காத்தும் ஓலை சலசலப்பும் தான் விழுந்துச்சு. ரெண்டாவது நாள் சின்ன ரெக்கார்டருக்கு பஞ்சு உறை போட்டு அவரு இடுப்புல இருக்க அருவாப்பெட்டியோட சேத்துக் கட்டிவிட்டேன். வீட்டுல வந்து ஹெட்ஃபோன்ல கேட்டப்போ எனக்கு கொஞ்ச நேரம் பேச்சு வரல. மரத்துல சாய்ச்சு வச்ச முருக்குத்தடியில கால் வைக்கது, கால்ல மாட்டுன தளைநார் பனந்தடியில இழுபடுறது, ஒவ்வொரு எட்டுக்கும் மூச்சு, மேல போகப் போக ஊர் சத்தம் கீழ எறங்கிக்கிட்டே போகும், கோழி கூவுறது அடியில கெடக்கும், காத்து மட்டும் பெருசாகும், உச்சிக்குப் போனதும் கலயத்த கழட்டி குடுவையில அக்கானிய, அதாவது பதநீர, ஊத்துற சத்தம், அப்புறம் அந்த அருவா. பாளையோட நுனிய காகிதம் கனத்துக்கு சீவுறாரு, சீவிட்டு நிறுத்தி பாக்குறாரு, சுண்ணாம்பு தடவுன கலயத்த திரும்ப மாட்டுறாரு. சுண்ணாம்பு இல்லன்னா அக்கானி புளிச்சு கள்ளா போயிரும், அந்த சுண்ணாம்பு சுரண்டுற சத்தம் கூட விழுந்திருந்துச்சு.

எட்டு ஸ்பீக்கர் வச்சோம். உக்காந்தவங்க காது உயரத்துல சுத்தி நாலு, பனை உச்சியில ரெண்டு, விடிலிக்குள்ள ஒண்ணு, அப்புறம் மைக்செட்டுக்கு கட்டுற பழைய ஹாரன், அந்தக் கூம்பு ஸ்பீக்கர் ஒண்ணு, அத பத்தி பொறவு சொல்லுறேன். லேப்டாப்புல ரீப்பர்ங்கிற சவுண்ட் சாஃப்ட்வேர், எட்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா சத்தம் அனுப்ப எட்டு அவுட் இருக்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். நான் மொதல்ல நாலு கேப்சூல் இருக்க ஆம்பிசானிக் மைக்ல விடியக்காலை பனவிளைய பதிவு பண்ணி அத எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சு குடுத்து ஒரு முழு கோளம் மாதிரி சத்தம் உண்டாக்கலாம்னு நெனச்சேன், வீட்டு ரூம்ல பிரமாதமா இருந்துச்சு, வெளிய அறுபது பேருக்கு அது எடுபடல. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல இல்லாத எடத்துல சத்தம் இருக்க மாதிரி காட்டுற வித்தை நடுவுல உக்காந்த நாலஞ்சு பேருக்கு தான் வேலை செய்யும், ஓரத்துல இருக்கவருக்கு பக்கத்துல இருக்க ஸ்பீக்கர் தான் கேக்கும். அதனால அந்தப் பதிவ மெல்லிசா பின்னணிக்கு மட்டும் வச்சுக்கிட்டு, முக்கியமான சத்தம் ஒவ்வொண்ணையும் அது நெசமா எங்கருந்து வருமோ அங்கயே ஒரு ஸ்பீக்கர வச்சு அதுல மட்டும் விட்டோம். மேலருந்து வர சத்தத்துக்கு மேல ஸ்பீக்கர். அடுப்பு சத்தத்துக்கு விடிலிக்குள்ள ஸ்பீக்கர். இந்த ஒரு விதி தான் எங்க டிசைன் மொத்தமும்.

உச்சியில கட்டுறதுக்கு மாமாவே ஏறுனாரு. நான் கீழருந்து மட்டையில கட்டுங்க மாமான்னு கத்துனேன், அவரு மேலருந்து, "காஞ்ச மட்டைய நம்பி கட்டுனா அது பிச்சிக்கிட்டு ஆளுக்க தலையில வுழும் மக்ளே, நீ பேசாம இரு"ன்னுட்டு, பச்சை மட்டைக்கு கீழ தடியோட சேத்து ரெண்டு கயிறு போட்டு, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு பிடிக்கிற மாதிரி கட்டுனாரு. அந்த ரெண்டு பனைக்கு நேர் கீழ யாரையும் உக்கார வைக்கல.

மனுசக் காதுக்கு இடம் வலம் நல்லா தெரியும், மேல கீழ அவ்வளவா தெரியாது. காது மடல்ல பட்டு வளைஞ்சு வர கீச்சு சத்தத்த வச்சு தான் உயரத்த மூளை கண்டுபிடிக்குது. அதனால பாளை சீவுற சத்தம் மேல விட்டா உடனே எல்லாரும் தலைய தூக்குறாங்க, ஆனா மாமாவோட கனத்த குரல மேல விட்டப்போ அது எங்கருந்தோ வருது, மேலன்னு புரியல. மேல இருக்க ஸ்பீக்கர் தூரம் அதிகம், சத்தமும் பத்தல, அதனால கீழ இருக்க ஸ்பீக்கர்லயும் கொஞ்சம் குரல் விடணும், விட்டா உடனே குரல் கீழ எறங்கிடுது. இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஒரே சத்தம் ரெண்டு எடத்துல இருந்து சில மில்லி செகண்ட் வித்தியாசத்துல வந்தா, மொதல்ல வந்த எடத்துல தான் சத்தம் இருக்குன்னு காது நம்பும், பின்னாடி வந்தது கொஞ்சம் சத்தமா இருந்தாலும் சரி. ஹாஸ் எஃபெக்ட்னு சொல்லுவாங்க. சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும், உச்சி ஸ்பீக்கர்ல இருந்து பாய்க்கு 15 மீட்டர், அப்போ 44 மில்லி செகண்ட். கீழ ஸ்பீக்கர் 3 மீட்டர், 9 மில்லி செகண்ட். ஒண்ணும் செய்யலன்னா கீழ உள்ளது தான் 35 மில்லி செகண்ட் முந்தும், குரல் கீழ வந்ததுக்கு காரணம் இது தான். கீழ உள்ளத 45 மில்லி செகண்ட் தாமதிச்சு விட்டோம், மேல உள்ளது 10 மில்லி செகண்ட் முந்திடுச்சு. குரல் மரத்துல ஏறி உக்காந்துகிச்சு. இத விட எனக்கு சந்தோசமான நிமிசம் அந்த மூணு மாசத்துல இல்ல.

கத சொல்லுறதுக்கு ஒத்தக் குரல் வேண்டாம்னு ஆரம்பத்துலயே முடிவு. நம்ம கிட்ட வில்லுப்பாட்டு இருக்கு, அண்ணாவி ஒரு வரி சொன்னா வலம்பாடியும் இடம்பாடியும் அத வாங்கி ஆமான்னு குடுப்பாங்க. அந்த முறையில எழுதி, அண்ணாவி வரி விடிலிப் பக்கம் இருந்தும் ஆமா சுத்தி இருக்க நாலு ஸ்பீக்கர்ல இருந்தும் வர மாதிரி வச்சோம். சனங்களுக்கு நடுவுல இருந்தே ஆமா வருதுன்னதும் ரெண்டாவது நிமிசத்துல இருந்து அவங்களும் ஆமா போட ஆரம்பிச்சிட்டாங்க, நாங்க அத எதிர்பாக்கல.

எந்த வரலாறு, எப்படி

மரம் ஏறுறவன் மேல வரி போட்ட கதை ரொம்ப பழசு. 849-ல கொல்லத்துல எழுதுன தரிசாப்பள்ளி செப்பேட்டுலயே ஏணிக்காணம்ங்கிற பேரு வருது, அந்த வரிய அங்க உள்ளவங்களுக்கு விட்டுக் குடுத்தத சொல்லுற எடத்துல. அதுக்கு படம் என்னன்னு யோசிச்சு, வட்டெழுத்துல அந்த ஒரு சொல்ல மட்டும் கோடு கோடா துணியில எழுதுற மாதிரி செஞ்சோம், கூடவே எழுத்தாணி கீறுற சத்தம். அந்த சத்தம் நெசமாவே ஒரு பனையோலையில எழுத்தாணி வச்சு கீறி, ஓலையில ஒட்டுன, அதிர்வ நேரா பிடிக்கிற பீஸோ மைக்ல எடுத்தது. அந்தக் காலத்துல வரிக் கணக்கு எழுதுனதும் பனையோலை மேல தான், வரி கட்டுனவனும் பனைய நம்பி இருந்தவன் தான்.

தோள்சீலைப் போராட்டத்துக்கு வந்தப்போ எங்களுக்குள்ள பெரிய சண்டை. மாரு மறைக்க உரிமை கேட்டு இந்த மண்ணுல பனையேறி சமூகத்துப் பெண்கள் நடத்துன போராட்டம், 1813-ல அப்போ திருவிதாங்கூர் திவானா இருந்த கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்களுக்கு அனுமதி குடுத்து உத்தரவு போட்டாரு, அதுவும் நெலைக்கல, அடி, தீவைப்பு, சந்தையில துணிய கிழிக்கிறது எல்லாம் நடந்து கடைசியில 1859 ஜூலை 26-ல தான் திருவிதாங்கூர் மகாராசாவோட அறிவிப்பு வந்துச்சு, அதுலயும் மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு நிபந்தனை. இத ஓவியமா வரைஞ்சு காட்டணும்னு ரெண்டு பேரு, வேண்டாம்னு ரெண்டு பேரு. வரைஞ்ச ஓவியத்த ஊர்ல ஒரு பாட்டிக்கு காட்டுனோம். அவங்க ரொம்ப நேரம் பாத்துட்டு, "அண்ணைக்கு சந்தையில நாலு பேரு பாத்தான், நீங்க இத அம்பது பேருக்கு பாக்க வைக்கப் போறியளா மக்ளே?"ன்னாங்க. ஓவியம் எல்லாத்தையும் எடுத்துட்டோம். அந்த மூணு நிமிசத்துக்கு அட்டைய எறக்கி முழு இருட்டு, சுத்தி இருக்க நாலு ஸ்பீக்கர்லயும் காதுக்குப் பக்கத்துல நாலு பெண் குரல், ஊர்ல உள்ள பேத்திமாரு தான் பேசுனாங்க, ஒவ்வொரு வருசமா சொல்லி என்ன நடந்துச்சுன்னு. 1859 சொன்னதும் அட்டை ஏறும், துணி வெறும் வெள்ளையா நிக்கும். வேற ஒண்ணும் இல்ல. எங்க நிகழ்வுல நான் ரொம்ப மதிக்கிற எடம் அது, அத உண்டாக்குனது அந்தப் பாட்டி தான்.

அந்த ஹாரன் ஸ்பீக்கர் கதை இப்போ. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்காவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேந்தது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி சேரணும்னு நடந்த போராட்டத்துல 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆளுங்க செத்தாங்க. அந்தக் கால கூட்டப் பேச்ச நடிக்க வச்சு பதிவு பண்ணி நல்ல ஸ்பீக்கர்ல விட்டா சினிமா வசனம் மாதிரி இருந்துச்சு. ஊர் மைக்செட் அண்ணன் கிட்ட தூசி படிஞ்சு கெடந்த ஹாரன வாங்கி அதுல விட்டோம். ஹாரன்ல அடி சத்தமும் வராது, கீச்சு சத்தமும் வராது, நடு சத்தம் மட்டும் மூக்கால பேசுற மாதிரி வரும், கேட்டதும் பெரியவங்க எல்லாம் நிமிந்து உக்காந்தாங்க, அவங்க அந்தக் காலத்த கேட்டது அந்த வாயில தான். துப்பாக்கி சத்தம் விடவே இல்ல. பேசிக்கிட்டே இருக்க ஹாரன் ஒரு சொல்லுக்கு நடுவுல நின்னு போகும், ஆம்ப்ளிஃபயரோட இரைச்சல் மட்டும் ஒரு பத்து செகண்ட். இருட்டுல சின்னப் புள்ளைங்க இருக்காங்க, வெடிச் சத்தத்தால பயமுறுத்தி ஒரு சாவ சொல்லுறது எனக்கு சரின்னு படல.

நடந்த நாள்

மொத ராத்திரி முடிஞ்சதும் எண்பது வயசு தாண்டுன ஒரு பாட்டா, ஏறுறத நிறுத்தி ரொம்ப வருசமாச்சு, என் கையப் பிடிச்சு, "எல்லாம் கொள்ளாம், அருவா சத்தம் மட்டும் பொய்யி"ன்னாரு. எனக்கு புரியல. அது நெசமான பதிவு தான் பாட்டான்னேன். "இல்ல, ஒரே போல சீவுது, பனையேறி அப்பிடி சீவமாட்டான், பாளை எங்க வெட்டு கேக்குதோ அங்க சீவுவான், பாப்பான், பொறவு தான் அடுத்தது"ன்னாரு. அப்ப தான் ஒறைச்சுது, எடிட்ல நான் நல்லா விழுந்த எட்டு செகண்ட வெட்டி எடுத்து திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தேன். ராத்திரியே உக்காந்து லூப்ப தூக்கிட்டு நாலு நிமிச முழுப் பதிவையும் ஒரு வெட்டு இல்லாம போட்டேன், நடுவுல வர மௌனம், இருமல் எல்லாத்தோடயும்.

ரெண்டாவது ராத்திரி. இருட்டு, படம் இல்ல, விடிலியில நெசமாவே ஒரு அக்கா அடுப்புல அக்கானி காய்ச்சிக்கிட்டு இருக்காங்க, அந்த வாசனை மட்டும் வருது, உச்சியில இருந்து அருவா சத்தம். மாமா பதிவுல மேலருந்து வீட்டுக்காரிய கூப்பிடுறது ஒண்ணு இருக்கு, பானைய கொண்டான்னு. அந்தக் குரல் வந்ததும் பாயில உக்காந்திருந்த ஒரு வயசான அம்மா, யாரையும் பாக்காம, சத்தமாவே "இந்தா வாறேன்"ன்னு சொல்லி கைய ஊணி எந்திரிக்கப் போனாங்க. பக்கத்துல இருந்த பேரன் கைய பிடிச்சான். அவங்க திரும்ப உக்காந்து முந்தானையால முகத்த தொடச்சுக்கிட்டாங்க. சுத்தி ஒருத்தரும் சிரிக்கல, ஒரு மூச்சு கூட கேக்கல. நான் லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்து அடுத்த க்யூவ அழுத்த ரெண்டு செகண்ட் லேட் பண்ணிட்டேன்.

மூணாவது ராத்திரி காத்து. ஓலை சலசலப்பு எல்லா மெல்லிசு சத்தத்தையும் முழுங்கிடுச்சு, துணி பாய்மரம் மாதிரி உப்புச்சு, கீழ ஓரத்துல மணல் மூட்டை கட்டி நிறுத்துனோம். சத்தத்த கூட்டலாம்னா ஒன்பதரைக்கு மேல ஆயிடுச்சு, பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு சட்டம், போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து தான் அனுமதி வாங்கியிருந்தோம், அதனால பின்னணி அடுக்க மொத்தமா அணைச்சிட்டு நெசக் காத்தையே பின்னணியா விட்டுட்டோம். அதுவும் நல்லா தான் இருந்துச்சு, உண்மையில பதிவு பண்ண காத்த ஏற்கெனவே காத்து இருக்க எடத்துல எதுக்கு விட்டேன்னு இப்போ தோணுது.

செலவுல பெரும்பங்கு புரொஜெக்டர் வாடகைக்கும் ஸ்பீக்கர் வயருக்கும் போச்சு. ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம், எவ்வளவு தள்ளி வச்சாலும் அந்த உறுமல் ராத்திரியில வந்து சேந்துரும், நாங்க ரெண்டு இன்வெர்ட்டர் பேட்டரி வச்சு சமாளிச்சோம். ஆம்ப்ளிஃபயர் லேப்டாப் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல இருந்து கரண்ட் எடுங்க, வேற வேற பிளக்ல இருந்து எடுத்தா ஊம்னு ஒரு இரைச்சல் ஒட்டிக்கும், மொத டெஸ்ட்ல ஒரு நாள் பூரா அத தேடி அலைஞ்சோம். வாடகைக்கு வந்த புரொஜெக்டர்ல ஒண்ணு முந்தின நாள் சாயங்காலமே சூடாகி நின்னு போச்சு, கடைக்காரர் மாத்திக் குடுக்க ராத்திரி ஆயிடுச்சு, அதனால ஒரு நாள் முன்னாடியே சாமான் எடுத்து நாலு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்க. பனி விழுற நேரம் புரொஜெக்டர அணைச்சு உடனே மூடி கட்டாதீங்க, ஆறவிட்டு மூடுங்க.

அடுத்து மணக்குடி பக்கம் கடற்கரையில கரமடி வலை இழுக்கும்போது பாடுற பாட்ட வச்சு செய்யலாமான்னு கேட்டிருக்காங்க. அங்க அலைச் சத்தம் எப்பவும் நிக்காது, உயரமா மரமும் இல்ல, ஸ்பீக்கர வள்ளத்துல வைக்கணுமா மணல்ல பொதைக்கணுமான்னு போய் ஒரு விடியக்காலை உக்காந்து கேட்டுட்டு தான் சொல்லணும். பனவிளைப் பதிவு எல்லாம் வெட்டாத முழு ஃபைலா, பேசுனவங்க சம்மதக் கையெழுத்தோட நூலகத்துல ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, ரெண்டாவது காப்பி என் கிட்ட. உச்சியில கட்டுன ஸ்பீக்கர் ரெண்டுல ஒண்ண மாமா இன்னும் எறக்கல, சீசன் முடிஞ்சு கடைசியா எறங்கும்போது கொண்டு வரேன்னு சொல்லியிருக்காரு.